கடலைப் புரதம்: செக்குக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை



நிலக்கடலை விளையும் மண்ணில் நின்று நிலக்கடலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த டி.எம்.வி. ரகங்களை உங்கள் தாத்தா காலத்திலிருந்து விதைத்து வருகிறீர்கள். பயிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பருப்பு செக்குக்குள்ளும் எக்ஸ்பெல்லர் என்ற பிழியும் எந்திரத்துக்குள்ளும் போகும்போது அதன் புரதத்துக்கு என்ன ஆகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நூறு கிலோ பருப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 48 கிலோ எண்ணெய், 25 கிலோ புரதம். மிச்சம் மாவுச்சத்து, சர்க்கரை, நார், தாது உப்பு, ஈரம். எண்ணெயின் நிறத்தைப் பார்க்கிறோம், மணத்தை முகர்கிறோம், காறல் தட்டுகிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். அந்த 25 கிலோ புரதமோ யாரும் கவனிக்காமல் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எண்ணெய் வெளியேறிவிடுவதால் புண்ணாக்கில் புரதத்தின் பங்கு நூற்றுக்கு 45 வரை ஏறிவிடுகிறது. நாம் தினமும் சாம்பாரில் போடும் துவரம்பருப்பில் நூற்றுக்கு 22தான் இருக்கிறது.

புண்ணாக்கு வீணாகிறது என்று நான் சொல்ல வரவில்லை. மாடு தின்று பால் தருகிறது, கோழி தின்று முட்டையிடுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறையிலிருந்து இந்த வட்டாரத்துக் கடலை கப்பல் கப்பலாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியக் கடலைப் புண்ணாக்கு ஐரோப்பிய மாடுகளின் தொட்டிக்குப் பல ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தது. கால்நடைக்குக் கொடுப்பது நல்ல பயன்தான். ஆனால் அதே புரதம் மனிதர் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால், ஆலை வாசலில் குவிந்து கிடக்கும் புண்ணாக்கை வாங்கிவந்து பிரித்தெடுத்துவிட முடியாது. அதற்கான வேலையைப் பருப்பிலேயே, சொல்லப்போனால் காய் ஆயும் நாளிலேயே, தொடங்கியாக வேண்டும். ஏன் என்று விளக்கத்தான் இங்கே நிற்கிறேன்.

விதைக்குள் எண்ணெய் மிகச் சிறிய உருண்டைகளாக இருக்கிறது. அவற்றுக்கு நடுவே, அவற்றைவிடப் பெரிய பொதிகளாகப் புரதம் இருக்கிறது. முளைவிடும் செடி மண்ணிலிருந்து உணவு எடுக்கப் பழகும்வரை தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டை இது. இந்தப் புரதங்களை முறையாக வகைப்படுத்தியவர் அமெரிக்காவில் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய தாமஸ் ஆஸ்போர்ன். எது வெறும் தண்ணீரில் கரைகிறது, எதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், எது சாராயத்தில் கரைகிறது, எதற்குக் காரமோ அமிலமோ தேவை என்று பார்த்துப் பார்த்து விதைப் புரதங்களை நான்கு வகையாகப் பிரித்தார். 1909இல் தாவரப் புரதங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. நிலக்கடலைப் புரதத்தில் பெரும்பகுதி உப்புத் தண்ணீரில் கரையும் வகை. அதற்குள் இருக்கும் இரண்டு முக்கியப் புரதங்களுக்கு அராக்கின், கோனராக்கின் என்று 1916இல் பெயர் வைத்தார்கள்.

இவற்றின் குணத்தை நேரிலேயே பார்த்துவிடலாம். மேசைமேல் இரண்டு குடுவைகள் இருக்கின்றன. முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் எழுந்து வந்து பார்க்கலாம்.

முதல் குடுவையில் இருப்பது, தோல் நீக்கிய பருப்பிலிருந்து சூடு ஏறவிடாமல் எண்ணெயை எடுத்துவிட்டு அரைத்த மாவு. ஒரு பங்கு மாவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் ஊற்றி, பி.எச். 8.5 வரும்வரை துளி காஸ்டிக் சோடா சேர்த்து, அரைமணி நேரம் கலக்கி, அடியில் தங்கிய சக்கையை நீக்கியிருக்கிறேன். பார்வைக்குப் பால்தான். இப்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். பி.எச். 7, ஒன்றும் ஆகவில்லை. 6, கொஞ்சம் கெட்டியாவது போலத் தெரிகிறது. 5ஐத் தாண்டுகிறோம், கண்ணாடி ஓரத்தில் திரிதிரியாகத் தெரிகிறதா? இதோ, 4.5. மொத்தமும் திரிந்து கீழே இறங்குகிறது, மேலே மஞ்சள் கலந்த தெளிநீர் நிற்கிறது. கரைசலில் மிதக்கும்போது புரத மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கின்றன. 4.5க்குப் பக்கத்தில் நேர், எதிர் மின்னூட்டங்கள் சமமாகிவிடுகின்றன. தள்ளும் விசை போய்விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. இந்த வெள்ளைப் படிவைக் கழுவி, காரம் சேர்த்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் நூற்றுக்கு 90 பங்கு புரதம் உள்ள பொடி கிடைக்கும். சோயாப் புரதத்தையும் பெரும்பாலும் இப்படித்தான் எடுக்கிறார்கள்.

இரண்டாவது குடுவையில் இருப்பது கடையில் வாங்கிய எக்ஸ்பெல்லர் புண்ணாக்கின் பொடி. அதே தண்ணீர், அதே காரம், அதே அரைமணி. நிறத்தைப் பாருங்கள், செம்பழுப்பு. நீர்த்தும் இருக்கிறது. அமிலம் விடுகிறேன். 4.5க்கு வந்துவிட்டோம். அடியில் ஏதோ கொஞ்சம் தூசு போலப் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். புரதம் எங்கே? முன்பே வடிகட்டிக் கொட்டிய சக்கையில் இருக்கிறது. தண்ணீரில் கரையவே இல்லை. எக்ஸ்பெல்லருக்குள் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் புரதத்தின் மடிப்புகள் அவிழ்ந்து, அவிழ்ந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாதல்லவா? இதுவும் அப்படித்தான். அதோடு பருப்பிலிருக்கும் சர்க்கரை புரதத்திலுள்ள லைசினோடு சேர்ந்து பழுப்பாகிறது. லைசின் நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம். நிலக்கடலையில் அது முன்பே குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் சூட்டில் கட்டிப்போட்டுவிடுகிறோம்.

எண்ணெய் ஆலைக்காரர்கள் மேல் இதில் குற்றமில்லை. எண்ணெய் கூடியவரை வரவேண்டும் என்பதற்காகத்தான் எக்ஸ்பெல்லரைச் செய்தார்கள். அந்த வேலையை அது சரியாகச் செய்கிறது. மிச்ச எண்ணெயையும் எடுக்க ஹெக்ஸேன் கரைப்பானைப் பயன்படுத்தும் பெரிய ஆலைகளிலும் இதே கதைதான். ஹெக்ஸேன் சுமார் 69 டிகிரியில் கொதிப்பது, அதனால் பிரித்தெடுக்கும்போது சூடு அதிகமில்லை. அடுத்து, மாவில் தங்கிய ஹெக்ஸேனை விரட்ட நீராவி விடுகிறார்களே, அங்கேதான் புரதம் வேகிறது. கால்நடைத் தீவனத்துக்கு அது பரவாயில்லை. சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அந்தச் சூடு தேவையும்கூட. மனிதர் உணவுக்கான மாவு வேண்டுமென்றால் ஹெக்ஸேனைச் சில நொடிகளில் ஆவியாக்கும் தனி அமைப்பு வேண்டும். அது இருக்கிறது, செலவு பிடிக்கும்.

காரத்திலும் கவனம் வேண்டும். அதிகப் புரதம் கரையட்டும் என்று பி.எச்.சை 11, 12க்கு ஏற்றி, சூடும் காட்டினால் சிஸ்டீன் சிதையும், லைசின் வேறு பொருளாக மாறும். சாப்பிடும் புரதத்துக்கு 8, 9 போதும்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நிலக்கடலைப் புரதத்திலிருந்து துணி நெய்திருக்கிறார்கள். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் ஸ்காட்லாந்தின் ஆர்டியர் ஆலையில் இதை உருவாக்கியது. ஊர்ப் பெயரையொட்டி இழைக்கு ஆர்டில் என்று பெயர். காரத்தில் கரைத்த கடலைப் புரதத்தைச் சல்லடைத் துளை வழியே அமிலத்தில் பீய்ச்சினால் நூலாக உறைந்துவிடும். கம்பளி போல மெத்தென்று இருக்கும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கம்பளி இழையை ஆராய்ந்த வில்லியம் ஆஸ்ட்பரி, ஆர்டிலில் தைத்த மேலங்கியை அணிந்திருந்தார். டம்ஃப்ரீஸில் 1951இல் பெரிய ஆலை தொடங்கி, 1957இல் மூடிவிட்டார்கள். நைலானும் பாலியெஸ்டரும் வந்த வேகத்தில் கடலை நூல் நிற்க முடியவில்லை. இங்கே நாம் பார்த்த அதே காரம், அதே அமிலம்.

இனி மைசூருக்கு வருவோம். மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950இல் மைசூர் செலுவாம்பா மாளிகையில் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன். பின்னாளில் நம் காவிரிப் படுகையில் நெல் பதன ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியவரும் அவரே. பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. நாட்டில் நிலக்கடலை நிறைய, பால் குறைவு, பருப்பு வகை போதவில்லை. சூடு அதிகம் படாத, உணவுத் தரத்துக்குச் செய்த கடலைப் புண்ணாக்கு மாவு முக்கால் பங்கும் கொண்டைக்கடலை மாவு கால் பங்குமாகக் கலந்து, வைட்டமினும் தாதுவும் சேர்த்து 'பல்பயன் உணவு' என்று ஒன்றைச் செய்தார்கள். நிலக்கடலையில் குறைவாக இருக்கும் லைசினைக் கொண்டைக்கடலை கொண்டுவந்து சேர்க்கும். இட்லிக்கு அரிசியோடு உளுந்து சேர்க்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

ஆனால் மைசூரிலிருந்து வந்த வேலைகளில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு. சுப்பிரமணியன், பாட்டியா, கல்பாக் முதலியோர் 1959இல் அமெரிக்க எண்ணெய் வேதியியலாளர் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எண்ணெயை முதலில் எடு, மிச்சத்தில் புரதத்தைத் தேடு என்ற வரிசையையே அவர்கள் கைவிட்டார்கள். பருப்பைத் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து, காரம் சேர்த்து, மையவிலக்கு எந்திரத்தில் சுற்றுவது. எண்ணெய் பாலாடையாக மேலே வந்துவிடும், புரதம் நடுவில் கரைசலாக நிற்கும், மாவுச்சத்தும் நாரும் அடியில் தங்கும். ஹெக்ஸேன் வேண்டாம், எக்ஸ்பெல்லர் சூடு வேண்டாம், எண்ணெயும் புரதமும் ஒரே நேரத்தில் பக்குவம் கெடாமல் கைக்கு வருகின்றன. இதே பாதையில் 1972இல் டெக்ஸாஸில் ரீ, கேட்டர், மாட்டில் ஆகியோர் விரிவாக வேலை செய்தார்கள். கட்டுரையில் பங்குகொண்ட கல்பாக், பின்னாளில் மகாராஷ்டிரத்தில் பாபல் கிராமத்தில் விக்யான் ஆசிரமத்தைத் தொடங்கி, படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வழியே அறிவியல் சொல்லிக்கொடுத்தவர்.

இந்தத் தண்ணீர் வழி அவ்வளவு நல்லதென்றால் ஊர்தோறும் அதற்கான ஆலைகள் ஏன் வரவில்லை? மேலே மிதக்கும் அந்தப் பாலாடைதான் தடை. எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் புரதம் போர்வை போட்டுக்கொள்கிறது, எண்ணெய் லேசில் தனியாகப் பிரிவதில்லை. ஹெக்ஸேன் நூற்றுக்கு 99 பங்கு எண்ணெய் எடுத்தால், தண்ணீர் வழியில் அவ்வளவு வருவதில்லை. எண்ணெய் விலையை நம்பி நிற்கும் தொழிலில் அந்தக் குறையை யார் தாங்குவார்கள்? தவிர, ஊற்றிய தண்ணீரை எல்லாம் ஆவியாக்க எரிபொருள் வேண்டும். புரதம் படிந்தபின் மிஞ்சும் தெளிநீரில் சர்க்கரையும் கரையும் புரதங்களும் இருப்பதால் அதைச் சாக்கடையில் விடவும் கூடாது. பாலாடையை உடைக்க இன்று நொதிகள் கிடைக்கின்றன. கரைந்த புரதத்தை அமிலமே சேர்க்காமல் நுண்சவ்வுகளில் வடித்தெடுக்கலாம். 1959இல் இந்த வசதிகள் இல்லை. அந்த வழியைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று நம்புகிறேன்.

மைசூரில் எடுத்த கடலைப் புரதத்தை எருமைப் பாலோடு சேர்த்து 'மில்டோன்' என்ற பானமாகச் செய்தார்கள். 1970களில் பெங்களூரில் புட்டிகளில் விற்றார்கள். பால் உற்பத்தி பெருகப் பெருக அதற்கான இடம் சுருங்கியது என்பது என் கணிப்பு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடி இங்கிலாந்தில் விழுந்தது. 1960இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிக் குஞ்சுகள் கல்லீரல் கெட்டுச் செத்தன. காரணத்தைத் தேடிப் போனால் தீவனத்தில் இருந்த பிரேசில் நாட்டுக் கடலை மாவில் வந்து நின்றது. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்து அந்த நச்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர் வந்தது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மிகக் கடுமையான இயற்கை நச்சுகளில் ஒன்று. நம் நாட்டிலும் 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குழந்தைகளுக்குக் கடலை மாவு கொடுப்போம் என்று உற்சாகமாக இருந்த திட்டங்கள் இதன் பிறகு தள்ளாடின.

இந்த நச்சு சமைத்தால் போகாது. செக்கில் ஆட்டும்போது எண்ணெயோடு போவது கொஞ்சம், பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கிவிடும். அந்தப் புண்ணாக்கிலிருந்து புரதத்தைப் பிரித்தால், பெரும்பாலும் புரதத்தோடேயே ஒட்டிக்கொண்டு வரும். பொடி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் பயனில்லை.

ஆனால் மூட்டையில் எல்லாப் பருப்பும் கெட்டிருக்காது. ஆயிரக்கணக்கான நல்ல பருப்புக்கு நடுவே ஒன்றிரண்டு பருப்பு முழு மூட்டையின் நச்சையும் சுமந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் அது சுருங்கியிருக்கும், நிறம் மங்கியிருக்கும், அல்லது பூச்சி குடைந்திருக்கும். கை பொறுக்கினாலோ நிறம் பிரிக்கும் எந்திரத்தில் விட்டாலோ ஆபத்தில் பெரும்பகுதி வெளியே போய்விடும். மாவான பிறகு அந்த ஒன்றிரண்டைத் தேடிப் பிடிக்க எந்த எந்திரமும் கிடையாது. புரத வேலை பருப்பிலேயே தொடங்க வேண்டும் என்று சொன்னதன் முழுப் பொருள் இதுதான்.

பருப்புக்கும் முன்னால் போகலாம். காய் முற்றும் கடைசி வாரங்களில் வயல் காய்ந்தால் பூஞ்சை மண்ணுக்குள்ளேயே காயில் ஏறுகிறது. பிடுங்கும்போது மண்வெட்டி பட்ட காய், கறையான் அரித்த காய், இரண்டும் அதற்குத் திறந்த வாசல். பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டு உலர்த்தினால் காற்று புகும். குவித்து வைத்தால் உள்ளே புழுங்கும். காயின் ஈரம் நூற்றுக்கு 8, 9க்கு இறங்கவேண்டும். நன்றாகக் காய்ந்த காயைக் காதோரம் குலுக்கினால் பருப்பு உருளும் சத்தம் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, காய் உடைக்கும் எந்திரத்தில் பருப்பு உடையாமல் வரட்டும் என்று காய்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறதே, அதைப் பற்றி மனம் நொந்துதான் பேசுகிறேன். உலர்த்திய உழைப்பு அத்தனையும் அந்தக் குடத்துத் தண்ணீரோடு போகிறது. ஈரப் பருப்பு மூட்டைக்குள் ஏறி, கிடங்கில் அடுக்கப்பட்டு, சில நாளில் பூஞ்சைக்கு விருந்தாகிறது. முழுப் பருப்புக்குக் கூடுதல் விலை, நச்சில்லாத பருப்புக்கு ஒரு பைசாவும் கூடுதல் இல்லை என்று சந்தை இருக்கும்வரை தண்ணீர் தெளிப்பவரை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு புரதம் நமக்குத் தேவையா? 1968இல் ஐக்கிய நாடுகள் சபையே உலகப் புரத நெருக்கடி வருகிறது என்று அறிக்கை வெளியிட்டது. சேலத்தில் பிறந்து, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தை வழிநடத்திய சி. கோபாலன் அதை ஏற்கவில்லை. ஏழைக் குழந்தைக்கு முதலில் போதாமல் இருப்பது சோறு. வயிறு நிறையாதபோது உடம்பு புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடுகிறது. வீட்டுச் சாப்பாட்டையே போதிய அளவு கொடுத்தால் வளர்ச்சி மேம்படுகிறது என்று ஆய்வு நடத்திக் காட்டினார். அவர் சொன்னது சரி. ஆனால் இன்றைய நம் தட்டு வேறு. ரேஷன் அரிசி வயிற்றை நிரப்புகிறது, பருப்பு விலைதான் கைக்கு எட்டுவதில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க மலிவான, நல்ல புரதம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அவருடைய வாதம் எதிரானதல்ல.

நம் சமையலறைகளில் எண்ணெய்வித்துப் புரதம் முன்பே வந்துவிட்டது. பிரியாணியில் போடும் மீல்மேக்கர் வேறென்ன? எண்ணெய் எடுத்த சோயா மாவை ஈரத்தோடும் அழுத்தத்தோடும் சூடான குழாய் வழியே தள்ளினால், வெளியே வரும்போது நீராவி வெடித்து இழை இழையாகப் பொங்கிவிடுகிறது. மற்ற வித்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பருத்தி விதையில் கோசிபால் என்ற நச்சு. கடுகு இனத்தில் காரச் சேர்மங்கள், அவற்றைக் குறைத்துக் கனடாக்காரர்கள் கனோலா என்று ஒரு பயிரையே உருவாக்கினார்கள். சூரியகாந்தியில் காரம் பட்டதும் மாவு பச்சையாகிவிடும். எள்ளின் தோலில் ஆக்ஸலேட் இருக்கிறது, தோல் நீக்கினால் அருமையான புரதம். நிலக்கடலையில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் எள்ளில் தாராளம். கடலையும் எள்ளும் கொண்டைக்கடலையும் சேர்ந்த மாவு ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்காகப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் எச்சரிக்கை அச்சிட வேண்டும், அதில் சமரசம் கூடாது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், பெரிய ஆலையைக் காட்டமாட்டேன். இன்று ஊருக்கு ஊர் மரச்செக்குக் கடைகள் வந்திருக்கின்றன. நல்ல எண்ணெய்க்காக அவர்கள் சொத்தை பொறுக்கிய பருப்பை வாங்குகிறார்கள். செக்கில் எக்ஸ்பெல்லர் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. ஆகவே அவர்களிடம் கிடைக்கும் புண்ணாக்கில் புரதம் கரையும் நிலையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் புண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் இருப்பதால் சீக்கிரம் காறும், வெகுநாள் வைக்க முடியாது. ஆட்டிய அன்றே எடுத்து, உலர்த்தி, மாவாக்க வேண்டும். தரையில் கொட்டாமல், பழைய சாக்கில் கட்டாமல், சோற்றுப் பண்டத்தைக் கையாளுவது போல் கையாள வேண்டும். பத்துக் கடைகள் சேர்ந்து நச்சுப் பரிசோதனைக்கு ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம். பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் குறைந்த செலவில் அஃப்ளடாக்ஸினை அளக்கும் முறையை வகுத்துக் கொடுத்திருக்கிறது.

கடைசியாக, பொறுக்கிக் கழித்த பருப்பை என்ன செய்வது? இன்று அது பெரும்பாலும் எண்ணெய்க்குப் போகிறது, அதன் புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாடு அந்த நச்சைத் தின்றால் ஒரு பகுதி வேறு உருவில் பாலில் இறங்கும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. கழித்த பருப்பை அப்படியே தீவனத்துக்கு அனுப்பினால் நம் பிள்ளைகளின் தம்ளருக்கே அதைத் திருப்பி அனுப்புகிறோம். அம்மோனியா கொண்டு நச்சை முறிக்கும் முறை வெளிநாடுகளில் நடைமுறையில் இருக்கிறது, அதற்குத் தனி ஆலை வேண்டும். அது வரும்வரை அந்தப் புண்ணாக்கைத் தனியாகக் கட்டி, மூட்டைமேல் எழுதி, வயலுக்கு எருவாகப் போடுங்கள். அதனால் வரும் விலைக் குறைவை நல்ல பருப்பின் விலையில் ஈடுகட்டும்படி விற்பனைக் கூடத்தில் கேட்டு வாங்குங்கள்.